அப்பா தேய்த்து மடித்த கடலடிச் சட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பாவைப் பற்றி அப்படி ஒரே வரியில் முடிக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளக் கடிதம். உங்கள் ஆராய்ச்சிக் கப்பலுக்குச் சாமான் கொண்டுவரும் படகில் கொடுத்தனுப்புகிறேன். நனையாமல் சேர்ப்பதாகப் படகுக்காரர் சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

முதலில் எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அன்றைக்கு நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் "அப்பாவா துவைச்சார்?" என்று கேட்டாய், உடனே லைன் போய்விட்டது. அது தானாகப் போனதா, நீ வைத்துவிட்டாயா? கப்பல் போன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். மனுஷன் கேட்டால்தானே! மகள் கோபத்தில் வைத்துவிட்டாள், இனி நம்மோடு பேசமாட்டாள் என்று அவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்டனையை மட்டும் நானும் சேர்ந்து அனுபவிக்கிறேன்.

நடந்தது இதுதான். ஆய்வகத்தில் குளிர் அறை பழுது, அதனால் கடலடியில் எடுத்ததையெல்லாம் வீட்டுக்கு அனுப்புகிறேன், பெட்டியைத் திறக்காமல் ஃப்ரிட்ஜில் வை என்று என் போனுக்குச் செய்தி அனுப்பினாய். போன் மாடியில் சார்ஜில் கிடந்தது. பெட்டியோ கீழே நம் சலவைக் கடைக்கு வந்தது. உன் பெயரைப் பார்த்ததும் உன் அப்பாவுக்குக் கை சும்மா இருக்குமா? பிரித்துவிட்டார். உள்ளே ஐஸ் பை, நாலைந்து பாட்டிலில் கறுப்புச் சேறு, ஒரு பையில் தண்ணீரோடு சேறு படிந்த ஒரு சட்டை. லாட்டரி விழுந்த மாதிரி மாடிப்படியில் நின்று கத்தினார், "ஏய், பாப்பா அழுக்குத் துணி அனுப்பியிருக்கா!"

சிரிக்காதே. ஹாஸ்டலில் இருந்தபோது மாதாமாதம் மூட்டை கட்டி அனுப்புவாய் அல்லவா? கடையில் ஆள் இருந்தாலும் உன் துணியை யாரையும் தொட விடமாட்டார். நீ பையில் விட்டுவைத்த பேனா மூடி, பஸ் டிக்கெட், பாதி தின்ற மிட்டாய் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு, துணியோடு திருப்பி அனுப்புவார். கப்பலில் சேர்ந்தபின் உன்னிடமிருந்து ஒரு கைக்குட்டைகூட வரவில்லை. கப்பலிலேயே வாஷிங் மெஷின் இருக்கிறது என்று நீ பெருமையாகச் சொன்ன அன்று அவர் முகம் போன போக்கை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அது ஆண்பிள்ளைச் சட்டை என்பதை நான்தான் முதலில் கவனித்தேன். என் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது, அதைத் தனியாகப் பேசிக்கொள்வோம். அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. குளிருக்குப் பெரிசாப் போட்டுக்கறா என்றார். காலரில் ஒட்டியிருந்த வெள்ளைக் கொப்புளங்களைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார். கை மடிப்புக்குள் இருந்த குழாய் குழாயான சமாசாரங்களைச் சுரண்டினார். "எந்த ஊர்ச் சேறோ, விடவே மாட்டேங்குது" என்று ஒரே புலம்பல். ஆனாலும் விடவில்லை. மூன்று அலசு, கொஞ்சம் கஞ்சி, மிதமான சூட்டில் இஸ்திரி. அறுந்திருந்த பொத்தானுக்குப் பதில் புதுப் பொத்தான். மடித்து, கடைத் துண்டுச் சீட்டைக் குத்தி, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.

அப்போதுதான் நான் உன் செய்தியைப் பார்த்தேன். யாரோ கடலில் போட்டது அந்தச் சட்டை, அடிச் சேற்றிலிருந்து எடுத்தாய், சட்டையைவிட அதன் மேல் குடியேறிய உயிர்கள்தான் உனக்கு முக்கியம், உன் ஆய்வே அதில்தான் நிற்கிறது என்று எழுதியிருந்தாய். அவருக்குப் படித்துக் காட்டினேன். பிசைந்த சோறு பிசைந்தபடியே இருந்தது.

உனக்குப் போன் செய்த மறுநாள் முதல் அவருக்குக் கை வேறு, கவனம் வேறு. பாங்கு வாசல் காவலாளியின் சீருடையும் பேண்டு வாத்தியக்காரரின் ஜரிகைக் கோட்டும் இடம் மாறிப் போய்விட்டன. காவலாளி அவசரத்தில் ஜரிகையோடு போய் நிற்க, பாங்குக்கு வந்தவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று விசாரித்திருக்கிறார்கள். காவலாளி கடைக்கு வந்து சண்டை போடுவார் என்று பயந்தேன். அவரோ, தோளில் அந்தக் குஞ்சம் நல்லா இருந்துச்சு, தைச்சுத் தர முடியுமா என்று கேட்கிறார்!

அந்தச் சமயத்தில்தான் சட்டையை வாங்கிப்போக உன் ஆய்வகத் தோழி வந்தாள், அந்தக் கண்ணாடி போட்ட பெண். அப்பா துண்டுச் சீட்டோடு சட்டையை நீட்டினார். அவள் சட்டையைப் பார்த்தாள், பொத்தானைப் பார்த்தாள், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு அவளே சொன்னாள். கடைசியில், துவைத்த தண்ணீரை எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டாள்.

கொட்டவில்லை! இன்னதென்று தெரியாத கறை வந்தால் முதல் தண்ணீரைக் கொட்டமாட்டாரே உன் அப்பா. அது என்ன கறை என்று தெரியும்வரை வாளியில் மூடி மேஜைக்கு அடியில் வைத்திருப்பார். அதற்காக நான் எத்தனை நாள் சண்டை பிடித்திருப்பேன்! வாளியைத் திறந்தால் அப்படியொரு நாற்றம். மூக்கைக்கூடப் பொத்தாமல் அவள் வலைச் சல்லடையில் வடித்தாள். கொப்புளம், குழாய், துணுக்குச் சிப்பி எல்லாம் வந்தன. நட்சத்திரம் மாதிரி ஒன்றும் வந்தது, ஐந்து காலில் இரண்டைக் காணவில்லை. "ஐயோ, காலை ஒடிச்சிட்டேனே, ஒட்ட வைக்க முடியுமாம்மா?" என்று உன் அப்பா கேட்டபோது அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எது எங்கே ஒட்டியிருந்தது என்பது போய்விட்டது, ஆனால் என்னென்ன உயிர் என்று சொல்லிவிடலாம், பாதியாவது தேறும் என்றாள் அவள்.

பிறகு அவள் சல்லடையில் இருந்த ஒரு சுருளைக் காட்டினாள். சேறு என்று நினைத்தேன். அது நூல், அந்தச் சட்டையின் பாலியஸ்டர் நூல். ஒவ்வொரு துவைப்புக்கும் இப்படி உதிருமாம். சாக்கடை, ஆறு, கடல் என்று போய், வெளிச்சமே எட்டாத அடியில் சேற்றோடு படியுமாம். நீ பாட்டிலில் அனுப்பிய சேற்றிலும் இதே மாதிரி நூல் இருக்குமாம். அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவள் போனபின் உன் அப்பா வெகுநேரம் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷமா நான் கொட்டுறதைத்தான் என் பொண்ணு அங்க பொறுக்கிட்டு இருக்கா" என்றார்.

அன்று சாயங்காலமே என் நல்ல துப்பட்டாவை எடுத்து நாலாய் மடித்து மெஷின் கழிவுக் குழாயில் கட்டிவிட்டார். கடை முழுக்கக் கணுக்கால் தண்ணீர், வாடிக்கையாளர்கள் பெஞ்சின் மேல். அவர் மட்டும் நடுவில் நின்று, பார்த்தியா, ஒரு நூல்கூடக் கடலுக்குப் போகலை என்கிறார். இப்போது உன் தோழி சரியான வடிகட்டி ஒன்று வாங்கித் தந்திருக்கிறாள். அதுவும் எல்லாவற்றையும் பிடிக்காதாம். தினமும் அவரே கழற்றி, திரண்டதை ஒரு டப்பாவில் சேர்க்கிறார். நீ வந்தால் காட்டுவதற்காம்.

வந்தால் என்றுதான் சொல்கிறார், வரும்போது என்று சொல்வதில்லை. போன் மணி அடித்தால் கடையிலிருந்து ஓடி வருகிறார், எடுக்காமல் என் முகத்தைப் பார்க்கிறார். இதை எழுதும்போதும், கண்ணாடி தேடுவது போல் என் பின்னால் நாலு தரம் நடந்துவிட்டார். கண்ணாடி அவர் நெற்றியில் இருக்கிறது.

உன் கோபம் நியாயம்தான், கோபப்பட்டுக்கொள். ஆனால் திட்டுவதாக இருந்தாலும் அவரிடமே பேசித் திட்டு. உன் ஆய்வு நல்லபடியாக முடியட்டும், அந்த ஆழத்துக் கடல் உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தோடு வரும் படகைச் சும்மா திருப்பிவிடாதே. நீ போட்ட சட்டை ஒன்றைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தனுப்பு. நன்றாக அழுக்காக இருக்கட்டும். ஒரு பொத்தானையும் பிய்த்துவிடு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா