வால்வை மூடாதவன்

மார்ச் 4
எழுத்து எனக்கு வராது. மருமகள் போனில் ஒரு இடத்தைக் காட்டினாள். அமுக்கிக்கொண்டு பேசினால் அதுவே எழுதிக்கொள்ளுமாம். சரி, எழுதட்டும்.
தம்பியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள் அவன் மகள். நினைவு கழன்றுவிட்டது, அவளால் முடியவில்லையாம். நாற்பது வருஷமாக என்னோடு பேசாதவன், என் கட்டிலில் உட்கார்ந்து பால் குடித்த குழந்தை மாதிரி சிரிக்கிறான். குமட்டுகிறது.

மார்ச் 9
நாங்கள் ரெண்டு பேரும் வேலை பார்த்த ஐஸ் கம்பெனியில் வால்வை மூடாமல் போனவன் அவன். அம்மோனியா காஸ் கசிந்து ஒருவனுக்குக் கண் போனது. முதலாளி கேட்டபோது, "அண்ணன்தான்" என்று விரலை நீட்டினான். அன்றைக்கு அவன் போட்டிருந்த நீலச் சட்டை, மேல் பொத்தான் இல்லை, நீட்டின விரல் நகத்தில் கிரீஸ். எல்லாம் இருக்கிறது எனக்குள். என்னைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். பிறகு எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. மூட்டை தூக்கியே முதுகு போனது.
"தப்புண்ணே" என்று அவன் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். இன்று கேட்டேன். "சாப்பாடு ஆச்சா?" என்கிறான். த்தூ.

மார்ச் 10
நடந்ததை மறுபடி சொன்னேன். சிரிக்கிறான்.

மார்ச் 17
தினமும் குளிப்பாட்டும்போது சொல்கிறேன். வால்வு, விரல், கழுத்து, மூட்டை. மருமகள் கதவுக்கு வெளியே நின்று, "மறந்துபோன மனுஷன்மேல கேஸ் நடத்துறீங்களே மாமா, தீர்ப்பை யாருகிட்ட வாங்கப் போறீங்க?" என்றாள். அவளுக்கென்ன.
அடிபட்ட நாயும் அடித்த வாசலை மறக்காது. ஒதுங்கிப் போகும், அவ்வளவுதான். ஏன் அடித்தான் என்று உட்கார்ந்து யோசித்தவன் மனுஷன். பட்டது மனதை விட்டுப் போகாததால்தான் அவனுக்கு யோசனையே வந்திருக்கும். இவனுக்கோ பட்டதும் நினைவில்லை, செய்ததும் நினைவில்லை. பசி, மூத்திரம், தூக்கம். செய்தவனுக்கு இவ்வளவு சுகமா?

ஏப்ரல் 2
நகம் வெட்டிவிட்டேன். அதே விரல். சீ.

ஏப்ரல் 6
மருமகளிடம் சொல்லி அழுகிறான். கூடப்பிறந்தவனே காட்டிக்கொடுத்துவிட்டானாம், கழுத்தைப் பிடித்துத் தள்ளினார்களாம், மூட்டை தூக்கியே முதுகு போனதாம். என் வார்த்தைகள். ஒன்றுகூடப் பிசகவில்லை. நானே ஊட்டிவிட்டிருக்கிறேன். பிழைப்பைப் பறித்தவன், பட்ட வலியையுமா பறிப்பான்?

ஏப்ரல் 7
நாலு கேள்வி கேட்டே தீருவது என்று போனேன். அவன் முந்திக்கொண்டான். வந்ததிலிருந்து சாப்பாட்டைத் தவிர எதையும் கேட்காதவன், நெற்றியைச் சுருக்கி யோசித்துக் கேட்டான்:
"ஏன் தம்பி முதலாளிகிட்ட அப்படிச் சொன்ன?"
என்னை. தம்பி என்று.
அறையத்தான் கை எழுந்தது. ஆனால் அந்த ஏன் — ராத்திரி ராத்திரியாக நான் கேட்ட ஏன். பதில் சொல்ல வேண்டியவன் இனி வரமாட்டான். கேட்கிறவன்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறான்.
"பயந்துட்டேண்ணே," என்றேன். "தப்புதான்."
சொன்ன வாய் கசந்தது. அவன் கொஞ்சம் யோசித்து, "சரி விடு" என்று நகர்ந்து, கட்டிலில் எனக்கு இடம் விட்டான்.

ஏப்ரல் 15
குளிப்பாட்டும்போது இப்போதெல்லாம் எதுவும் சொல்வதில்லை. சூடு போதுமா என்று மட்டும் கேட்டேன்.
"போதும் தம்பி."
அருவருப்பு இன்னும் போகவில்லை. "சரிண்ணே" என்றேன்.