குவாரி மேட்டுக்குக் காகித ஃபில்டர் போதும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, லாரி மூன்று பேரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறீர்களா என்று எழுது.

நீ அனுப்பிய சிவப்பு ஏர் ஃபில்டர் வந்து சேர்ந்தது. கம்பெனி ஃபில்டர் வெறும் காகிதம், இது துணி, கழுவிக் கழுவிப் போடலாம், இழுவை கூடும் என்று மாப்பிள்ளை சொன்னாராமே, சரி, பிள்ளைகள் ஆசையாக அனுப்பியது என்று மாட்டினேன். கொஞ்ச நாள் வண்டி உறுமிய உறுமலில் எனக்கே தலைகால் புரியவில்லை. பிறகு அதைக் கழுவ வேண்டி வந்தது. அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். கழுவியபின் லேசாகத் தடவ வேண்டிய எண்ணெயை, மகள் அனுப்பியதில் என்ன கஞ்சத்தனம் என்று பாட்டில் காலியாகும்வரை ஊற்றிவிட்டார். ஜல்லி லோடோடு குவாரி மேட்டில் பாதி ஏறும்போது வண்டி திக்கித் திணறி நின்றுவிட்டது. பின்னால் வந்த டிரைவர்களெல்லாம், வித்துட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்கக்கா என்று ஒரே கிண்டல். அது அப்பா அடித்த கூத்து, ஃபில்டர்மேல் பழி போட மாட்டேன். எல்லாவற்றையும் துடைத்து, அளவாக எண்ணெய் தடவி நானே மறுபடி மாட்டினேன். சில நாள் ஓட்டியபின் ஃபில்டரைத் தாண்டி எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயில் விரலை விட்டுப் பார்த்தால் மாவு மாதிரி கல்தூசி. தார்ரோட்டுக்கு அது சரிப்படலாம், நான் ஓட்டுவது கல் உடைக்கிற இடத்தில். அன்றைக்கே கம்பெனி ஃபில்டரை வாங்கிப் போட்டுவிட்டேன். இப்போது விரல் சுத்தமாக வருகிறது. மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சரி, இனி மாற்ற மாட்டேன்.

வண்டிதான் நின்னுபோச்சே, இப்பவாவது வித்துட்டு அப்பாவோட இங்க வந்துடும்மா என்று போனில் சொன்னாயே, அதற்கும் இதுதான் பதில். முதுகுவலியில் அப்பா ஸ்டியரிங்கை விட்டபோது, பொம்பளைக்கு எதுக்கு லாரி என்றவர்களுக்கு முன்னால்தான் அதைப் பிடித்தேன். உன்னைப் பார்க்காமல் ஏங்கிப்போய்த்தான் இருக்கிறேன். அதற்காக உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து பொழுது எப்போது போகும் என்று பார்த்திருக்க என்னால் ஆகாது. நீ லீவு போட்டு வா. லோடோடு அதே மேட்டில் ஏற்றிக் காட்டுகிறேன். வண்டி திணறினாலோ எனக்கு மூச்சு வாங்கினாலோ சாவியை உன் கையில் தந்துவிடுகிறேன்.

இருவரும் ஒரு குறையுமில்லாமல் நூறாண்டு இருங்கள். உன் கார் ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல், மறக்காதே. என் பக்கத்து சீட்டில் கிடந்த கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றையும் எடுத்து, சீட்டைத் துடைத்து வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
லாரியை விற்காத உன் அம்மா