மகளுக்கு எழுதிய ஸ்பெக் ஷீட்

ஏனுங்க,

மாடி அறையை வாடகைக்கு விடலாம் என்று நேற்று உங்கள் மேசையைக் காலி செய்தேன். அடி டிராயரில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு சுருள் கிடந்தது. நம் பனியன் கம்பெனி செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தில் ஒட்டுவோமே, அதே ஸ்டிக்கர். அதற்குக் கீழே பிளாஸ்டிக் உறையில் ஒரு ஸ்பெக் ஷீட், பனியனுக்கு அளவெல்லாம் எழுதி வைக்கும் தாள். ஸ்டைல் என்ற கட்டத்தில் நம் மகள் நிவேதாவின் பெயர். சைஸ் கட்டத்தில் பதின்மூன்று வயது. அப்ரூவ்டு சாம்பிள், அதாவது எதைப் போல வர வேண்டும் என்கிற கட்டத்தில், உங்கள் கையெழுத்தில், ‘அமெரிக்கர், ஆறடி ஓரங்குலம்’. நின்றபடியே படித்தேன். செத்தவரைத் திட்டக் கூடாது என்கிறார் உங்கள் அக்கா. அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போகிறார். ஒன்றரை வருடமாக உங்கள் படத்துக்குப் பூ வைக்கிறேன், ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றைக்குப் பேசிவிடுகிறேன்.

கோல்ஃப் நாம் கேட்டா வந்தது? நம்மிடம் பனியன் வாங்க ஆர்டர் பேச வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் உங்களைக் கோயம்புத்தூர் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். திரும்பி வந்ததிலிருந்து அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினீர்கள். நல்லூரில் நம் கம்பெனிக்குப் பின்பக்கம் வலை கட்டி, அதன் பின்னால் கழிவு பனியன் துணியை நாலு மடிப்பாகத் தைத்துத் தொங்கவிட்டீர்கள். நீங்கள் அடித்த பந்தெல்லாம் தண்ணீர்த் தொட்டிக்குத்தான் போனது. பத்து வயது நிவேதா, ஸ்கூல் யூனிஃபார்மோடு வந்து குட்டையான மட்டையை எடுத்து அடித்தாள். மேலே கொண்டுபோய், உச்சியில் சின்னதாக ஒரு சுழி சுழித்து இறக்குவாள். பந்து துணியின் நடுவில் தொப்பென்று விழும். கோயம்புத்தூரில் அவளைச் சேர்த்துவிட்ட கோச் அதைப் பார்த்துவிட்டு நம் இருவரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார், “அந்தச் சுழி பாப்பாவோடதுங்க. அதை மட்டும் தொட்டுறாதீங்க.” நீங்கள் தலையை ஆட்டினீர்கள். ஆட்டியதோடு சரி.

அவளுக்குப் பதின்மூன்று ஆனதும் மாடியில் ஆரம்பித்தது கூத்து. கம்ப்யூட்டரில் இடது பக்கம் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கும் வீடியோ, வலது பக்கம் நம் பிள்ளை அடிக்கும் வீடியோ. முதலில் ஒரு தென்னாப்பிரிக்கர், அப்புறம் ஒரு கொரியப் பெண், கடைசியில் அந்த அமெரிக்கரில் போய் நிலைத்தீர்கள். மட்டை உச்சிக்குப் போனதும் இரண்டு படங்களையும் நிறுத்தி, அவர் முழங்கை எங்கே, இவள் முழங்கை எங்கே என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பீர்கள். துணி வெட்ட அளவு வரையும் பேட்டர்ன் மாஸ்டர் காதர் பாயைக் கூப்பிட்டு, மீடியம் சைஸை ஸ்மாலுக்குக் குறைப்பது போல அந்த ஆறடி ஓரங்குலத்தை அவளுடைய நாலடி பத்தங்குலத்துக்குக் குறைத்து அளவு போடச் சொன்னீர்கள். அவர் பென்சிலை வைத்துக்கொண்டு தயங்கினார். “மொதலாளி, துணி வெச்ச எடத்துல நிக்குமுங்க. புள்ள நிக்குமுங்களா?” என்றார். ஒரு சென்டிமீட்டர் முன்னேபின்னே இருக்கட்டும், டாலரன்ஸ் கொடுக்கிறேன், போடுங்கள் பாய் என்று சிரித்தீர்கள். வேறு எந்த ஊர் அப்பனுக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

தினமும் சாயந்திரம் ஆறு மணிக்கு அவள் முழங்கையில், மணிக்கட்டில், இடுப்பில், முட்டியில் சிவப்பு அம்பு ஒட்டினீர்கள். போனில் படம் பிடித்தது நான். பிடித்து முடித்ததும் என்னைப் பார்த்து, பாஸா ஃபெயிலா என்பீர்கள். பதினைந்து வருடம் ஃபைனல் செக்கிங்கைப் பார்த்துக்கொண்டவள் நான், அரை சென்டிமீட்டர் என் கண்ணுக்குத் தப்பாது. ஃபெயிலுங்க என்பேன். நான் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன் என்று யாரும் கேட்க முடியாது. வாயைத் திறந்தேன், திறந்து அதைத்தான் சொன்னேன். குளிக்கும்போது அவள் ஸ்டிக்கரைப் பிய்த்தால் கையில் இருக்கும் பூனை முடியும் சேர்ந்து வரும்.

ஒரே ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். துணி வந்தால் ரோலைப் பிரித்து ஒரு நாள் தளரப் போட்டுவிட்டுத்தானே வெட்டுகிறோம், பிள்ளையையும் நாலு நாள் சும்மா விடுங்கள் என்றேன். மேட்ச் வருகிறது என்றீர்கள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். தளராத துணியை வெட்டினான் என்று கட்டிங் மாஸ்டரைக் கேட்டுக்கு வெளியே அனுப்பியவர்தானே நீங்கள்?

நாலே மாதத்தில் சுழி போயே போய்விட்டது. ஷீட்டில் எல்லா வரியிலும் நீங்கள் டிக் போட்டீர்கள். பந்து மட்டும் துணியில் விழவில்லை. சுவரில் பட்டது, ஷெட் கூரையில் பட்டது. அளவு சரியாகிவிட்டது, இனிப் பந்து தானாக வரும் என்று சொல்லி, பழனிக்குப் போய் வெள்ளி வேல் வைப்பதாக வேண்டிக்கொண்டீர்கள்.

மேட்ச் அன்று முதல் அடிக்கு நிவேதா பந்தின் முன் நின்றாள். நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். உதடு அசைந்தது. முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு என்று மனசுக்குள் வரிசை சொல்லிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். மட்டை மேலே போகவே இல்லை. பின்னால் நின்ற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது நீங்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து, “எல்போ!” என்று கத்தினீர்கள். அவள் மட்டையைப் புல்லில் படுக்கப்போட்டுவிட்டு நடந்து வந்துவிட்டாள்.

வீடு திரும்பும்போது கார் அவிநாசியைத் தாண்டியது. அதன் பிறகு பின் சீட்டிலிருந்து கேட்டாள்.

“நான் ரிஜெக்ட்டுங்களாப்பா?”

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது.

“இல்ல கண்ணு. ரீசெக் பண்ணிக்கலாம்.”

அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை, பாசமாகத்தான் சொன்னீர்கள். அவளுக்குக் காய்ச்சல் என்றால் ஷிப்மென்ட்டை விட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த மனிதர் நீங்கள். ஒரேயடியாகக் கெட்டவராக இருந்திருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்கள். அன்றைக்குப் பிறகு அவள் மட்டையைத் தொடவில்லை. நீங்களும் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை, நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த அன்று வரைக்கும். தப்புப் பண்ணிவிட்டேன் கண்ணு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்?

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. கோயம்புத்தூர் ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். நேற்று நான் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, மூலையில் இருந்த குட்டை மட்டையை அவளாகவே எடுத்துக்கொண்டு கீழே போனாள். ஆறு வருடம் கழித்து. நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன். பந்து இல்லாமல் சும்மா ஒருமுறை வீசினாள். உச்சியில் கை லேசாக அசைந்தது. பழைய சுழிதானா, இல்லை நடுக்கமா, எனக்குத் தெரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“எப்படீங்மா இருந்துச்சு?”

நல்லா இருந்துச்சு கண்ணு என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் என் கண் அதற்குள் அவள் இடது முழங்கைக்குப் போய்விட்டது. ஷீட்டில் உள்ளதை விட இரண்டு சென்டிமீட்டர் மடங்கியிருந்தது. கண் போன இடத்தை அவளும் பார்த்துவிட்டாள். சிரிப்பு அப்படியே நின்றது. துப்பட்டாவால் மட்டையைத் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, காபி போடட்டுமா என்று கேட்டுக்கொண்டே என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதானுங்க. பெற்ற பிள்ளை எதிரில் வந்து நின்றால், முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முழங்கையைப் பார்க்கிறேன்.