அகரவரிசையில் ஒரு கொலை

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. பதினொரு மணிக்குக் குழாய் ரிப்பேருக்கு ஆள் வருவார்.

நேத்து நான் கத்தினது தப்புதான். ஆனா யாரைக் கேட்டு என் சினிமாப் பின்னணி இசை சிடிக்களை அகரவரிசையில அடுக்கினீங்க? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அது என் நாவலோட வரிசை. அத்தியாயத்துக்கு ஒரு படம்னு மூணு வருஷமா சேர்த்தது. இப்போ கொலை அத்தியாயத்தைத் திருத்தணும். அதுக்கு எந்த இசையைப் போட்டு எழுதினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. கை ஓடல.

நூலகத்துக்குப் போறேன். போன் பண்ணாதீங்க.

பி.கு.: செருப்பு மாட்டும்போது கேட்டுச்சு. குளிச்சுக்கிட்டே நீங்க ஹம் பண்றது அந்தக் கொலை இசைதான், கேட்டதும் ஞாபகம் வந்துடுச்சு. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து மூணு வருஷமும் கேட்டிருக்கீங்க. முழு வரிசையும் இந்தத் தாளோட பின்பக்கம் எழுதிட்டுக் கதவைத் திறங்க. நான் போகல, வாசப்படியிலதான் உக்காந்திருக்கேன்.