பதிவு மேசைக் கணினியின் குரலை நிறுத்தியது குறித்து

அனுப்புநர்:
இ. சோபனா (வயது 32),
த/பெ இன்னாசி,
4/117, சர்ச் தெரு, செம்மணப்பட்டி,
அரூர் வட்டம், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்,
தருமபுரி.

பொருள்: நல்லூற்று அறக்கட்டளை மருத்துவமனை, அரூர் வட்டம் – சர்வர் மேலாண்மை மென்பொருள் நிறுவப்பட்ட கணினியிலிருந்து பார்வையற்ற பணியாளரின் திரைவாசிப்பான் நீக்கப்பட்டது – நின்றுபோன சர்வரை இயக்கியதற்காகக் குறிப்பாணை வழங்கப்பட்டது – தக்க நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மேற்படி மருத்துவமனை நிர்வாக அலுவலரின் குறிப்பாணை, நாள் 25.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பிறவியிலேயே முழுப் பார்வையற்றவள். மேற்படி மருத்துவமனையில் ஆறு ஆண்டுகளாகத் தொலைபேசி மற்றும் புறநோயாளர் பதிவுப் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். என் மேசையிலுள்ள விண்டோஸ் கணினியில் திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் இருந்தது. திரையில் வரும் எழுத்தை அது படித்துச் சொல்லும். நான் காதில் கேட்டு, விசைப்பலகையால் வேலை செய்வேன். இலவசமாகக் கிடைக்கும் அந்த மென்பொருளைப் பணியில் சேர்ந்த முதல் நாளே, அன்றைய நிர்வாகத்தின் அனுமதியோடு நானே நிறுவிக்கொண்டேன்.

2. மருத்துவமனையின் எல்லாப் பதிவுகளும், நோயாளியின் பெயர் முதல் ஸ்கேன் படம் வரை, மருந்தகத்தை அடுத்த அறையிலுள்ள ஒரே சர்வரில் இருக்கின்றன. அதைக் கவனித்துவந்த திரு. குரு சென்ற டிசம்பரில் பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். சர்வரை இருந்த இடத்திலிருந்தே கண்காணிக்கும் மேலாண்மை மென்பொருளை வேறொரு விண்டோஸ் கணினியில் நிறுவிக்கொண்டால் போதும், தனி ஆள் வேண்டாம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. கணக்குப் பிரிவில் கேட்டார்கள், நேரமில்லை என்றார்கள். மருந்தகத்தில் கேட்டார்கள், பழக்கமில்லை என்றார்கள். ஆய்வகத்தில் இருந்தவர் விடுப்பில் போய்விட்டார். கடைசியில் நிர்வாக அலுவலர் திரு. மதியழகன் என் மேசைக்கு வந்து, எந்நேரமும் கணினி முன்னே இருப்பது நான்தான் என்பதால் இந்த வேலையையும் நானே பார்த்துவிட வேண்டும் என்றார். நானும் சரி என்றேன். அப்போது என் பார்வையின்மை யாருக்கும் தடையாகத் தெரியவில்லை என்பதைத் தாங்கள் அன்புகூர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும்.

3. வழிகாட்டிக் கோப்பு ஆங்கிலத்தில் 61 பக்கம். தொலைபேசி அழைப்புகளுக்கு இடையே அதை முழுவதும் காதால் கேட்டு முடிக்க நான்கு நாட்கள் ஆயின. முதல் முறை நிறுவியபோது, என் கணினியிலுள்ள விண்டோஸ் பழைய பதிப்பு என்று சொல்லி நின்றுவிட்டது. அதைப் புதுப்பித்தேன். இரண்டாம் முறை முக்கால்வாசி வரை போய், ஒரு பெட்டி தோன்றி நின்றது. அதில் இருந்ததைத் திரைவாசிப்பான் படிக்கவில்லை. பெட்டியிலிருந்த எழுத்தை அப்படியே நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிக் கேட்டபோதுதான், அது சர்வரோடு பேசக் கேட்கும் போர்ட் என்ற வழி எண்ணை எக்ஸ்ரே பிரிவின் மென்பொருள் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருப்பது புரிந்தது. வேறு எண் கொடுத்தேன். மூன்றாம் முறை நிறுவி முடிந்தது. ஆனால் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்று திறக்க மறுத்தது. அதையும் சரிசெய்து, 06.02.2025 அன்று நான்காம் முறை முயன்றபோது சர்வரின் பெயரும், தொடர்ந்து அது இயங்குகிறது என்ற செய்தியும் காதில் விழுந்தன. அன்று மதியச் சாப்பாட்டை மூன்றரை மணிக்குச் சாப்பிட்டேன். பதிவேட்டில் நிறுவியவர் என்ற இடத்தில் திரு. மதியழகன் தம் பெயரை எழுதிக்கொண்டதாகப் பின்னர் அறிந்தேன்.

4. அதன்பின் நான்கு மாதங்கள் தினமும் காலை எட்டரை மணிக்கு, முதல் நோயாளிக்கு டோக்கன் கொடுக்கும் முன்பே, சர்வரில் இடம் எவ்வளவு மிச்சமிருக்கிறது, முந்தைய நாள் பதிவுகள் நகலாகிவிட்டனவா என்று பார்த்துவிடுவேன். இரண்டு முறை கோளாறு வந்தது. இரண்டையும் மருத்துவர்கள் வருவதற்குள் சரிசெய்தேன். இந்த நான்கு மாதங்களில் சர்வர் ஒருநாள்கூட நிற்கவில்லை.

5. சர்வர் பராமரிப்புக்கென வெளியூர்த் தனியார் நிறுவனம் ஒன்றை நிர்வாகம் ஒப்பந்தம் செய்தது. அதன் பொறியாளர் திரு. சிவக்குமார் 09.06.2025 அன்று வந்தார். நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி, ஹெட்போனை மாட்டி விசையை அழுத்தினேன். சத்தம் இல்லை. ஒயர் கழன்றிருக்கும் என்று இரண்டு முறை செருகிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றிருந்த அவர், "இந்த சிஸ்டம் சும்மா பேசிக்கிட்டே இருந்துச்சுங்க. வைரஸ் மாதிரி தெரிஞ்சுது, எடுத்துட்டேனுங்க" என்றார். அது இல்லாமல் நான் இந்த நாற்காலியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று கேட்டேன். அனுமதிப் பட்டியலில் அது இல்லை, கடிதம் வைத்துக் கேளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். நான் நிறுவிய மேலாண்மை மென்பொருளையும் நீக்கிவிட்டுத் தம் நிறுவனத்தின் மென்பொருளை வைத்துவிட்டார்.

6. விண்டோஸோடு கூடவே வரும் குரல் ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றப் பார்த்தேன். அதில் தமிழைச் சேர்க்க நிர்வாகக் கடவுச்சொல் வேண்டும். அது எனக்குத் தரப்படவில்லை. ஆகவே தமிழில் பதிந்த பெயர் வந்தால் அது பேசாமல் தாண்டிப் போகிறது. எதிரில் நிற்பவரிடமே பெயரை மறுபடி மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது. முன்பே சொன்னேனே என்று அவர்கள் சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. புதிய மேலாண்மை மென்பொருளிலோ எல்லாமே படங்கள். எந்தப் பொத்தான் மேல் போனாலும் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் கேட்கிறது. எது எதற்கு என்று தெரியாது. இவ்வளவுக்கும் பிறகு, சர்வரைக் கவனிக்கும் பொறுப்பு மட்டும் என் பெயரிலேயே இருந்தது.

7. திரைவாசிப்பானைத் திரும்ப நிறுவித் தருமாறு மூன்று கடிதங்கள் கொடுத்தேன். முதல் கடிதம், பிரிவுத் தலைவர் வழியாக வர வேண்டும் என்று திரும்பி வந்தது. பதிவுப் பிரிவுக்குத் தலைவர் என்று ஒருவரும் இல்லை. இரண்டாவது கடிதத்திற்கு, நான் பார்வையற்றவள் என்பதற்குச் சான்று இணைக்கச் சொன்னார்கள். என்னைப் பணிக்குச் சேர்த்த கோப்பிலேயே அது இருக்கிறது. ஆயினும் மறுபடி நகலெடுத்து இணைத்தேன். மூன்றாவது கடிதத்திற்கு, ஒப்பந்த நிறுவனத்தின் கருத்து பெறப்பட வேண்டும் என்றார்கள். நிறுவனத்தைக் கேட்டால், மருத்துவமனையிலிருந்து கடிதம் வர வேண்டும் என்கிறார்கள். ஐயா, பத்து நிமிடத்தில் நிறுவக்கூடிய ஒரு மென்பொருளுக்காகப் பத்து வாரம் இவ்வாறு கழிந்தது.

8. 20.08.2025 புதன்கிழமை காலை 11.10க்குச் சர்வர் நின்றது. வெளியே நூற்று முப்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். திரு. சிவக்குமாருக்குப் போன் செய்தோம். தாம் ஓசூரில் இருப்பதாகவும் சாயங்காலம் வருவதாகவும் கூறினார். அதே நேரத்தில் அவசரப் பிரிவில் மலர்விழி என்ற எட்டு மாதக் கர்ப்பிணி உதிரப்போக்குடன் வந்திருந்தார். காட்டு வேலையிலிருந்து நேராகத் தூக்கி வந்ததால் அவருடைய மருத்துவப் புத்தகம் கையில் இல்லை. சேலத்துக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வாசலில் நின்றது. அங்குள்ள மருத்துவர் முந்தைய வார ஸ்கேனை முன்கூட்டியே கேட்டார். அது சர்வரில் இருந்தது. செவிலியர் திருமதி. நிர்மலாதேவி இரண்டு முறை என் மேசைக்கு ஓடி வந்து, வந்துவிட்டதா என்று கேட்டுப் போனார்.

9. அப்போது திரு. மதியழகன் என் கையைப் பிடித்துச் சர்வர் அறைக்கு அழைத்துச் சென்றார். பொறியாளர் எழுதிக் கொடுத்திருந்த துண்டுச் சீட்டைப் பார்த்துக் கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாக எனக்கு வாசித்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எப்படியாச்சும் இத ஓட வெச்சிரும்மா. மத்தத நான் பாத்துக்கறேன்." விண்டோஸின் குரலை இயக்கி, படங்களை விட்டுவிட்டுக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் திரை வழியாக உள்ளே சென்றேன். அந்தக் கட்டளைகள் ஆங்கிலம் என்பதால் எழுத்துப் பிசகாமல் கேட்டன. சர்வரின் சேமிப்பு வட்டில் துளி இடம் இல்லை. புதிய மேலாண்மை மென்பொருள் ஜூன் முதல் எழுதிக் குவித்த குறிப்புக் கோப்புகள் முழுவதையும் அடைத்திருந்தன. எதையும் அழிக்கவில்லை. அவற்றை வேறொரு வட்டுக்கு நகர்த்தி, நோயாளர் பதிவுச் சேவையைத் திரும்ப இயக்கினேன். 11.52க்குப் பதிவுகள் திறந்தன. ஸ்கேன் சேலத்துக்குப் போனது. சிறிது நேரத்தில் ஆம்புலன்ஸ் புறப்பட்ட சத்தம் கேட்டது. நான் மேசைக்குத் திரும்பி டோக்கன் கொடுக்கத் தொடங்கினேன்.

10. சனிக்கிழமை மலர்விழியின் கணவர் திரு. சின்னராஜ் மருத்துவமனைக்குப் போன் செய்தார். "பொம்பளப் புள்ளைங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லிருங்க" என்றார். அழைப்பை எடுத்தவள் நான்தான். மருத்துவரிடம் சொல்லிவிட்டேன்.

11. திங்கட்கிழமை, பார்வையில் கண்ட குறிப்பாணை என்னிடம் வழங்கப்பட்டது. அனுமதியின்றிச் சர்வர் அறைக்குள் நுழைந்தது, ஒப்பந்த நிறுவனத்தின் கடவுச்சொல்லை முறைகேடாகப் பயன்படுத்தியது, பார்வையற்ற நிலையில் சர்வரைக் கையாண்டு நோயாளர் பதிவுகளுக்கு ஆபத்து விளைவித்தது ஆகியவற்றுக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும் என்றும், செப்டம்பர் முதல் தேதியிலிருந்து கணினிப் பணியை விட்டு நுழைவாயிலில் டோக்கன் அட்டை வழங்க வேண்டும் என்றும் அதில் உள்ளது. திருமதி. நிர்மலாதேவி எனக்கு அதைப் படித்துக் காட்டினார். மூன்றாவது குற்றச்சாட்டு வந்தபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. கீழே கையெழுத்து யாருடையது என்று கேட்டேன். திரு. மதியழகனுடையது.

12. அவரிடமே நேரில் சென்று கேட்டேன். "கம்பெனிக்காரங்க ரிப்போர்ட் குடுத்துட்டாங்கம்மா, நானும் மேல பதில் சொல்லணும். ஒரு மன்னிப்புக் கடுதாசி எழுதிக் குடுத்துரு, முடிஞ்சிரும்" என்றார். இரண்டு நாட்கள் யோசித்தேன். வீடு என் சம்பளத்தை நம்பித்தான் நடக்கிறது. எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுகூட அரூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது தோன்றியது. ஆனால் எதற்காக மன்னிப்பு என்று முதல் வரி எழுத வரவில்லை. சர்வரை நிறுத்தியதற்கா? நான் நிறுத்தவில்லை. ஓட வைத்ததற்கா? அதை எழுத என் கை ஒப்பவில்லை.

13. ஆகவே ஐயா, தாங்கள் மருத்துவமனை நிர்வாகத்தை நேரில் விசாரித்து, மேற்படி குறிப்பாணையைத் திரும்பப் பெறச் செய்ய வேண்டும். என் கணினியில் திரைவாசிப்பானை உடனே நிறுவித் தரவும், இனி என்னைக் கேட்காமல் யாரும் அதை நீக்காதிருக்கவும் எழுத்துப்பூர்வமாக உத்தரவிட வேண்டும். மேலாண்மை மென்பொருளை நிறுவியவர் யார் என்பதைப் பதிவேட்டில் திருத்தி எழுதச் செய்ய வேண்டும்; இது சிறிய விஷயம்தான் என்றாலும் கேட்கிறேன். சர்வரிலேயே 20.08.2025 அன்று எந்த நிமிடத்தில் எந்தக் கட்டளை இடப்பட்டது என்பது பதிவாகியிருக்கிறது. அது அழிக்கப்படுவதற்குள் பார்வையிட வேண்டுமாய்ப் பணிந்து வேண்டுகிறேன். செவிலியர் திருமதி. நிர்மலாதேவி சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டுள்ளார்.

14. கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த மனுவை என் வீட்டுக் கணினியில், யார் உதவியும் இல்லாமல், நானே தட்டச்சு செய்துள்ளேன். தாங்கள் அனுப்பும் பதிலை ஸ்கேன் செய்த படமாக அல்லாமல், தட்டச்சு செய்த எழுத்தாகவே மின்னஞ்சலில் அனுப்பி உதவ வேண்டும். படமாக வந்தால் அதில் என்ன இருக்கிறது என்று நான் பணியிடத்தில்தான் யாரையாவது கேட்க வேண்டியிருக்கும். தாங்கள் எனக்கு எழுதுவதை முதலில் நானே படிக்க விரும்புகிறேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்)
இ. சோபனா

நாள்: 29.08.2025
இடம்: செம்மணப்பட்டி

இணைப்பு: குறிப்பாணை நகல், நான் கொடுத்த மூன்று கடிதங்களின் நகல்கள், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல் (இம்முறையும்).