மேனேஜர், சென்னை

3 ஜூன், செவ்வாய்

காலையிலேயே அனல். காற்று என்று பேருக்கு ஒன்று, முழுக்கப் புழுதி.

திருச்சியில் இன்டர்வியூ. பஸ்ஸில் போக வர நின்றுகொண்டே. கேள்வி கேட்ட பையனுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. பயோடேட்டாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஒரு வருஷத்துக்கு மேல கேப் இருக்கே சார், என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

உன்னை மாதிரி ஆட்கள் முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. “குடும்பச் சூழ்நிலை சார்” என்று இளித்தேன். அந்த இளிப்பை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் மேல்கூட அவ்வளவு கோபம் இல்லை.

“கூப்பிடுறோம்.” கூப்பிட மாட்டார்கள்.

வாங்க: கொசுவத்தி, ரேவதியின் தையல் மெஷினுக்கு எண்ணெய், பெல்ட் (இன்டர்வியூ பெல்ட் அறுந்துவிட்டது. இனித் தேவையா?).

4 ஜூன், புதன்

தஞ்சாவூர் ரோட்டில் பழனி அண்ணனின் போர் மோட்டார் ரிப்பேர் கடை. கூட வேலைக்கு வருகிறாயா என்று போன வாரம் அவர்தான் கேட்டார். இன்று நானே போய் நின்றேன்.

“படிச்ச புள்ள, ஒனக்கு இது சரிப்படுமா?”

“சரிப்படும்ணே.”

“அப்ப திங்கக்கெழம வா. பழைய சட்டையாப் போட்டுக்கிட்டு வா.”

அவ்வளவுதான் இன்டர்வியூ. கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். நான் பட்டணத்தில் கெட்டுக் கந்தர்வக்கோட்டை சேர்ந்தவன். இனி எதற்கு வெட்கம்?

ரேவதியிடம் சொன்னேன். “நான் வேணாமுன்னு சொல்லலைங்க. கலாகிட்ட யாரு சொல்றது?” என்றாள்.

கலா, என் தங்கை. உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தது. ஞாயிறன்று அவள் மகள் அபிக்குக் காதுகுத்து, தாய்மாமன் மடி என் மடி. எனக்கு வேலை போனதைப் புகுந்த வீட்டில் அவள் சொல்லவே இல்லை. வொர்க் ஃப்ரம் ஹோம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். கார் பார்ட்ஸ் கம்பெனியில் இரும்பைச் சோதித்துக்கொண்டிருந்தவனுக்கு என்ன வொர்க் ஃப்ரம் ஹோம்? அடுப்படியில் இரும்பா உருக்குகிறேன்?

6 ஜூன், வெள்ளி

வெயில். கரண்ட் இல்லை. தலைவலி.

பஸ் ஸ்டாண்டில் காதணி விழா ஃபிளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அபியைவிடப் பெரிதாக என் முகம். பழைய ஐ.டி. கார்டு போட்டோ, டை கட்டியது. கீழே: தாய்மாமன் செல்வம், பி.இ., மேனேஜர், சென்னை.

நான் மேனேஜராக இருந்ததே இல்லை! பத்து வருஷம் நாயாக உழைத்தும் கம்பெனி தராத பிரமோஷனை, வேலை போன பிறகு தங்கை கொடுத்திருக்கிறாள்.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் சண்டை.

“அண்ணே, மெதுவாப் பேசு. மாமனாரு உள்ள இருக்காரு.”

“திங்கக்கெழம மோட்டார் கடைக்குப் போறேன். அப்பத் தெரியத்தானே போகுது?”

“அங்கிட்டு மட்டும் போயிறாத. இந்த வீட்டுல தலை நிமிந்து நிக்கிறதுக்கு எனக்குன்னு இருந்தது ஒன் வேலை ஒண்ணுதான். நீ போனா ஒங்கூடப் பேசவே மாட்டேன். சத்தியம்.”

அவள் அழுதது வேறு. அழுதால் நான் என்ன பேச? என் வேலை போனதற்கு நான் அழுதேனா? திரும்பி வரும்போது சைக்கிள் ஸ்டாண்டை உதைத்தேன். கால் விரல் வீக்கம்.

8 ஜூன், ஞாயிறு

மண்டபம். பட்டு வேட்டி. வியர்வை.

மைக்கில் ஒருவன்: “சென்னையில் மேனேஜராகப் பணிபுரியும் தாய்மாமன் அவர்கள்...” அபி மடியில் கிடந்து கத்தினாள், ஆசாரி இரண்டாவது காதுக்குப் போனபோது என் கையைக் கடித்துவிட்டாள். சரியான ஆளைத்தான் கடித்தாள்.

வாயைத் திறப்பதில்லை என்றுதான் இருந்தேன். கலாவின் மாமனார் ஒரு இளைஞனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஃபைல். முழுக்கை சட்டை, இந்த வெயிலில்.

“மாப்ள, எங்க அக்கா பேரன். மெக்கானிக்கல் முடிச்சிட்டு ரெண்டு வருஷமா அலையுறான். ஒங்க கம்பெனியில ஒரு எடத்துல சேத்து விடுங்க.”

அவன் இளித்தான். திருச்சியில் நான் இளித்த அதே இளிப்பு. பந்திக்கு அந்தப் பக்கம் கலா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயோடேட்டாவை வாங்கி மடித்துப் பையில் வைத்திருந்தால் முடிந்தது. அவன் என் போனுக்காகக் காத்திருப்பான், தினமும்.

“எனக்கே வேலை இல்லைங்க மாமா. கம்பெனியில வேலைய விட்டு எடுத்துட்டாங்க. நாளையிலேர்ந்து பழனி அண்ணன் மோட்டார் கடை.”

மாமனார், “ஓ” என்றார். பந்தியைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பையன்தான் என்ன செய்வது என்று தெரியாமல் ஃபைலோடு நின்றான்.

நானும் ரேவதியும் சாப்பிடாமல் வந்துவிட்டோம். தாய்மாமன் கை நனைக்காமல் போகிறான், ஒருத்தர் மறிக்கவில்லை. கலா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வீட்டில் ரசம் சாதம்.

10 ஜூன், செவ்வாய்

இரண்டாவது நாள். தோள் இரண்டும் கழன்றுவிட்டன. முந்திரித் தோப்பில் ஒரு போர். பைப்பு பைப்பாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுப்பதற்குள் மதியம் ஆகிவிட்டது.

கழற்றிய சாமான் மண்ணில் படக்கூடாது. பழனி அண்ணன் வண்டியிலிருந்து ஒரு சுருளை எடுத்து உதறி விரித்தார். விசேஷம் முடிந்த ஃபிளெக்ஸை எங்கள் ஊரில் யாரும் வீணாக்குவதில்லை. விரித்தால் நான். டையோடு.

“அடடா, ஒன் மூஞ்சியா? பஸ் ஸ்டாண்டுல அவுத்துட்டு வந்தேன், கவனிக்கலப்பா. திருப்பிப் போடவா?”

“வேணாம்ணே, கெடக்கட்டும்.”

மோட்டாரைத் தூக்கி மேனேஜர் மேல் வைத்தேன். டை பூராவும் கிரீஸ்.

அப்போது கலா போன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் பேச்சு.

“பஸ் ஸ்டாண்டு ஃபிளெக்ஸ நீதானே கிழிச்ச?”

“இல்ல. அது மேல உக்காந்துதான் வேலை பாத்துக்கிட்டு இருக்கேன்.”

வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“சாப்ட்டியா?” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டிருக்க வேண்டியது. “இல்ல” என்று சொல்லி நானே வைத்துவிட்டேன்.