அசைவு என்று நீர் எழுதிய இடத்தில்

உம்முடைய தமிழைத் திருத்தி அழகாக்கியவள் நான் என்று உமது செத்தவீட்டில் நாலைந்து பேர் சொன்னார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு இருந்தேன். அது பிழை. உமது எழுத்தில் குறை இருந்ததில்லை. கெடுத்தவள் நான்.

நேற்று உம்முடைய மகள் வந்தாள். "அன்ரி, அம்மா கோயில் திருவிழா மலருக்கு எழுதினதை அப்பிடியே கல்வெட்டிலை போடுவம். நீங்கள் திருத்தினதுதானே, வடிவாயிருக்கும்" என்றாள். கல்வெட்டு முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகம்; இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது. அவள் போனதும் அலுமாரியைத் திறந்து, நீர் கைப்பட எழுதித் தந்த தாள்களை எடுத்தேன். வயலின் வில்லுக்குத் தேய்க்கிற பிசின் இன்னும் மணந்தது. அவை அங்கே இருப்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

வயலினில் ஒரு சுரத்தை நேரே நிறுத்தாமல் அசைத்து வாசிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர். ஒரே பக்கத்தில் 'அசைவு' ஆறு தரம். ஒரு சொல் ஒரு பக்கத்தில் இரண்டாம் தரம் வந்தால் எழுதியவருக்குச் சொற்பஞ்சம் என்று கன்னியர் மடத்தில் சிஸ்ரர் எங்களுக்குப் படிப்பித்திருந்தார். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். ஓரிடத்தில் 'ஆட்டம்' என்று போட்டேன், இன்னோரிடத்தில் 'அதிர்வு'. 'இந்த வயதிலும் அந்தச் சுரத்துக்கு வந்தால் என் விரல் அசையும்' என்ற உமது கடைசி வரியில், 'நடுங்கும்'. உமக்குக் காட்டாமலே நெல்லியடி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

அசைவு நீர் நினைத்துச் செய்வது. நடுக்கம் உம்மை மீறி வருவது. இது எனக்குத் தெரியாததல்ல. பக்கத்தின் அழகைத்தான் பார்த்தேன். உமது விரலைப் பார்க்கவில்லை.

மலரைக் கையில் பிடித்தபடி சிரித்துக்கொண்டு வந்தீர். "ஒரு சொல் ரெண்டாம் தரம் வந்தால் உமக்கு வயித்துக்குத்து வந்திடும், என்ன? நான் ஒரு கச்சேரியிலை ஒரு சுரத்தை எத்தினை தரம் வாசிக்கிறன்! ஆராவது எழும்பிப் போறவையே?"

"அது பாட்டு. இது வசனம்."

"அதுக்காக எனக்கு நடுக்க வருத்தமெண்டே எழுதுறது?"

இருவரும் சிரித்தோம். நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

அடுத்த வருடம், எப்போதும் உமக்கென்று இருந்த ஐந்தாம் திருவிழாக் கச்சேரியைப் பற்றிக் கோயில் சபைக் கூட்டத்தில் பேச்சு வந்தது. "வயலின் ரீச்சருக்கு விரல் நடுங்குதாம், அவவே மலரிலை எழுதியிருக்கிறா. பாவம், ஏன் கரைச்சல் குடுப்பான்?" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே மலர் பாத்தது, அக்கா. அவ அப்பிடித்தானே எழுதினவ?"

என் கணவர் போன பிறகு, அந்தக் கூட்டத்தில் எனக்குக் கதிரை இழுத்துப் போட்டதெல்லாம் என் தமிழுக்காகத்தான். "ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு நீர் அந்தக் கோயிலில் வாசிக்கவேயில்லை. ஒரு தரம் மட்டும் கேட்டீர்: "கூட்டத்திலை நீரும் இருந்தனீரே?" இருந்தேன் என்றேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தீர். அந்தத் தேத்தண்ணியை நான் குடித்து முடித்தேன் என்பதை நினைக்க இன்றும் கூசுகிறது.

இன்று காலை முழுவதும் உமது தாள்களைப் பார்த்து எழுதினேன். ஆறு அசைவும் அப்படியே இருக்கின்றன. இரண்டு இடத்தில் பேனை வேறு சொல்லுக்குப் போகப் பார்த்தது, இழுத்துப் பிடித்தேன். இப்போது என் விரல்தான் நடுங்குகிறது. அதற்கு வேறு சொல் தேடவில்லை.

மகள், இந்தக் கடிதத்தின் பிரதி உமக்கும் வருகிறது. அம்மா எழுதியபடியே கட்டுரையைப் போடும். அதன் கீழே, அந்தச் சொல்லை மாற்றியதும் கூட்டத்தில் பொய் சொன்னதும் நான்தான் என்று என் பெயரோடு நாலு வரி போட வேண்டும். உமக்குச் சம்மதமா, இல்லையா? ரெலிபோனில் சொல்ல வேண்டாம். எழுத்தில் பதில் தாரும்.